ரெண்டாவது பிரேக்

...அதைத்தான் சொல்றேன் டாக்டரம்மா, ஒரு மனுஷன் நல்லதுன்னு நினைச்சு ஒரு காரியத்துல இறங்கினா ஊரே சேந்து காலை வாரி விடுது. ஊரை விடுங்க, கட்டின பொண்டாட்டியே வாரி விடறா! சீட் பெல்ட் போட்டாச்சா? கண்ணாடியைச் சரி பண்ணிக்குங்க. ஓ, பண்ணியாச்சா. சரி, கிளட்சை மிதிச்சு மெதுவா... அட, நகந்துடுச்சே. பரவால்ல, பரவால்ல. நான் பிரேக்ல இருந்து காலைத் தளர்த்தினேன் பாருங்க, அதனாலதான் இவ்வளவு நைசா நகந்துச்சு. இந்தப் பக்கமும் ஒரு பிரேக் இருக்கே, அது மேல என் கால் எப்பவும் இருக்கும். நீங்க எதுக்கும் கவலையே படாதீங்க.

எங்க விட்டேன்? ஆங், அந்த வகுப்பு. நானா ஒண்ணும் தேடிப் போகல. எங்க வியாபாரிகள் சங்கத்துல இருந்து அனுப்பி வெச்சாங்க, சின்னத் தொழில் பண்றவங்களுக்கு மேனேஜ்மென்ட் பயிற்சின்னு. பெரிய ஓட்டல், குளுகுளு ஹால், ஆளுக்கொரு தண்ணி பாட்டில், கழுத்துல மாட்டிக்க ஒரு அட்டை. அட்டையில என் பேருக்குக் கீழ 'எம்.டி.'ன்னு அடிச்சிருந்தாங்க. நான் கேக்கவே இல்ல டாக்டரம்மா, அவங்களாவே போட்டுட்டாங்க! இத்தனை வருஷமா என்னை 'மாஸ்டர்'னு தவிர எவன் கூப்பிட்டான்? கழட்ட மனசே வரல. மாட்டிக்கிட்டே வீட்டுக்கு வந்தேன். கதவைத் திறந்த வீட்டுக்காரம்மா என் கழுத்தைப் பாத்துட்டு, 'ஏங்க, வழி தெரியாமத் திரிஞ்சா கொண்டுவந்து விடச் சொல்லி மாட்டி விட்டாங்களா?'ன்னு கேட்டா. அவ வாய் அப்படி. இந்த வாயோட இருபது வருஷத்துக்கு மேல குடும்பம் நடத்தியிருக்கேன்னா என் பொறுமையைப் பாத்துக்குங்க.

லெஃப்ட்ல இண்டிகேட்டர்... போட்டுட்டீங்களா. சரி. நான் சொல்றதுக்கு முன்னாடி போடாதீங்க, அது தப்பான பழக்கம்.

அந்த வகுப்பு எடுத்தவர் ஒரு கோட்டுக்காரர். வேர்க்கவே வேர்க்காத மனுஷன். வந்து நின்னதும் ஒரு கேள்வி கேட்டாரு: 'நீங்க தொழிலை நடத்தறீங்களா, தொழில் உங்களை நடத்துதா?' பக்கத்துல உக்காந்திருந்த ஃபர்னிச்சர் கடைக்காரர் கண்ணே கலங்கிட்டாரு. எனக்கும் நெஞ்சைப் பிடிச்சு உலுக்கின மாதிரி இருந்துச்சு. நாம என்ன பண்ணிக்கிட்டு இருக்கோம்? காலையில வண்டியைத் துடைச்சோம், வர்றவங்களுக்கு ஓட்டக் கத்துக் கொடுத்தோம், வீட்டுக்குப் போனோம். இது ஒரு பொழப்பா? இதுக்குப் பேரு தொழிலா? விஷன் இல்ல, மிஷன் இல்ல!

விஷன்னா என்ன தெரியுமா உங்களுக்கு? நாம எங்க போய்ச் சேரணும்ங்கறது. மிஷன்னா, அங்க போய்ச் சேர இன்னிக்கு என்ன பண்றோம்ங்கறது. இவ்வளவுதான், ஆனா இதைச் சொல்லி முடிக்க அவருக்கு ஒரு காலைப்பொழுது ஆச்சு. நானும் எழுதி, ஃப்ரேம் போட்டு ஆபீஸ்ல மாட்டினேன்: 'இந்தக் கண்டத்தின் தலைசிறந்த வாகனப் பயிற்சி நிறுவனமாகத் திகழ்வது.' இருக்கறது ரெண்டு காரு, ஒண்ணு வெள்ளை, ஒண்ணு சாம்பல். வீட்டுக்காரம்மா அதை நின்னு படிச்சுட்டு, 'கண்டம் இருக்கட்டும், வெள்ளை வண்டிக்கு ஹார்ன் அடிக்கல, அதைப் பாருங்க'ன்னுட்டுப் போயிட்டா. தொலைநோக்குங்கறது எல்லாருக்கும் வந்துடுமா?

அப்புறம் ஒரு சார்ட் போட்டேன். மேல ஒரு கட்டம், அது நான். கீழ ரெண்டு கட்டம். ஒண்ணுல அவ, அவளும் சாம்பல் வண்டியில கத்துக் கொடுக்கறவதான்; இன்னொண்ணுல என் மச்சான், அதான் அவ தம்பி, நம்ம மெக்கானிக். யாருக்கு என்ன பொறுப்பு, யாரு யாருக்குப் பதில் சொல்லணும், எல்லாம் கோடு கிழிச்சுப் போட்டாச்சு. ஒருத்தன் வேலையில இன்னொருத்தன் மூக்கை நுழைக்கக் கூடாது. மச்சானுக்கு 'ஃப்ளீட் ஹெட்'னு பதவி கொடுத்தேன். ஃப்ளீட்னா வண்டிங்களோட கூட்டம். ரெண்டும் கூட்டம்தானே? மறுநாளே நடு ரோட்டுல பெட்ரோல் தீந்து போய் வண்டி நிக்குது, பின்னாடி அத்தனை வண்டியும் கத்துது. ஃபோன் போட்டா மச்சான் நிதானமா சொல்றான்: 'மாமா, பெட்ரோல் வாங்கறது பர்ச்சேஸ். நான் ஆபரேஷன்ஸ்.' பர்ச்சேஸ் யாருன்னு சார்ட்டை எடுத்துப் பாத்தா, கட்டம் காலியா இருக்கு! அதுவரைக்கும் யாரு பெட்ரோல் போட்டாங்கன்னு எனக்கே தெரியாது. யாரோ போட்டுக்கிட்டு இருந்தாங்க.

அந்த லாரியைப் பாத்து... முந்திட்டீங்களா. முந்திப் போறதுன்னா ஹார்ன் கொடுங்க. கொடுத்தீங்களா? எனக்குக் கேக்கல.

பலம், பலவீனம், வாய்ப்பு, ஆபத்துன்னு நாலு பக்கமும் எழுதச் சொன்னாரு அந்தக் கோட்டுக்காரர். ஸ்வாட்டுன்னு அதுக்குப் பேரு. எழுதினேன். பலவீனம்ங்கற பக்கம் மடமடன்னு ரொம்பிடுச்சு. பலம்னு போட்ட பக்கத்துல எதை எழுதினாலும் கடைசியில வீட்டுக்காரம்மாவுல வந்து நிக்குது. அது என்ன நிர்வாகம்? ஒரு நிறுவனம் ஒரே ஆளை நம்பி நிக்கக் கூடாதுன்னு அவரே சொன்னாரு. அதனால அந்தத் தாளைக் கசக்கிப் போட்டுட்டேன்.

நிஜமா வில்லங்கம் ஆரம்பிச்சது அந்த வகுப்போட ரெண்டாம் நாள் மத்தியானம். கேபிஐன்னு ஒண்ணு. நீங்க டாக்டரு, உங்களுக்குச் சுளுவாப் புரியும். ஒருத்தருக்குக் காய்ச்சலா இல்லையான்னு தெர்மாமீட்டர் வெச்சுப் பாக்கறோம் இல்ல, அந்த மாதிரி தொழிலுக்கு எங்கெங்க வெச்சுப் பாக்கணும்ங்கறது. அதுல ராஜா எதுன்னா, கஸ்டமர் ரிட்டென்ஷன்! வந்த கஸ்டமரு திரும்பத் திரும்ப வரணும். புதுசா ஒருத்தரைத் தேடிப் பிடிக்கறதுதான் கஷ்டம், இருக்கறவங்களை வெச்சுக்கறது லேசுன்னாரு. சலூன்காரர் எழுந்து, எங்கிட்ட முக்கால்வாசிப் பேரு மாசா மாசம் வர்றாங்கன்னாரு. எல்லாரும் கை தட்டினாங்க. தையல்கடைக்காரர் எழுந்தாரு, கை தட்டினாங்க. என்னைப் பாத்து, 'உங்க நிறுவனத்துல எப்படி?'ன்னாரு. யோசிச்சுப் பாத்தேன் டாக்டரம்மா, பகீர்னுச்சு. இத்தனை வருஷத்துல ஒருத்தன்... ஒரே ஒருத்தனாவது திரும்பி வந்திருக்கணுமே? வந்தான், கத்துக்கிட்டான், லைசென்ஸ் வாங்கினான், கையைக் குலுக்கினான், போயே போயிட்டான்! நன்றி கெட்ட ஜனங்க!

சிரிக்காதீங்க, ரோட்டைப் பாருங்க. உங்களுக்கும் இதே கதிதான். பல்லைப் பிடுங்கி அனுப்பிட்டா அந்தப் பல்லுக்காக எவன் திரும்பி வருவான்? நீங்களும் அந்த வகுப்புக்குப் போகணும், நான் சொல்லி விடறேன்.

அப்ப உக்காந்து யாரு கிட்ட ஆளுங்க சீக்கிரம் கழண்டு போறாங்கன்னு பாத்தேன். எல்லாம் வீட்டுக்காரம்மா கிட்டதான்! என் கிட்டயாவது ஒருத்தர் ரெண்டு பேரு பரீட்சையில ஃபெயிலாகி நாலு மாசம், அஞ்சு மாசம்னு விசுவாசமா இருந்தாங்க. இவ கிட்டப் போறவங்க மூணாவது வாரம் டாட்டா காட்டிடறாங்க. ஏன்னு விசாரிச்சேன். அவ கத்துக் கொடுக்கற லட்சணம் அப்படி. வண்டி கிளம்பினதும் செருப்பைக் கழட்டிட்டு, ரெண்டு காலையும் தூக்கி சீட்டு மேல மடிச்சு வெச்சு, சம்மணம் போட்டு உக்காந்துக்குவா! இந்த ரெண்டாவது பிரேக்குக்குக் கால் எட்டவே எட்டாது. 'நீங்க ஓட்டுங்க, நான் ஜன்னல் பக்கம் பாத்துக்கறேன்'னு சொல்லிட்டு மூஞ்சியைத் திருப்பிக்குவா. நம்மளக் காப்பாத்த இனி யாரும் இல்லைன்னு தெரிஞ்சா மனுஷன் கத்துக்காம என்ன பண்ணுவான்? அதுலயும் ரிவர்ஸ் எடுக்கறதுக்கு ஒரு கூத்து. ஜன்னல் கண்ணாடியை முழுசா இறக்கணும், தலையைச் சாய்ச்சுக் காது கொடுத்துக் கேக்கணும். 'பின்னாடி நிக்கற சின்னப் பிள்ளை கண்ணாடியில தெரியாது, சிரிச்சா கேக்கும்'பா. இப்படியெல்லாம் அக்கறையாச் சொல்லிக் கொடுத்தா அவன் ஏன் திரும்பி வர்றான், சொல்லுங்க?

நான் கோபப்படல. முறைப்படி போனேன். பெர்ஃபார்மன்ஸ் ரிவ்யூன்னு ஒண்ணு இருக்கு, வேலை பாக்கறவங்களை உக்கார வெச்சு நல்லது கெட்டது எடுத்துச் சொல்றது. சாப்பாட்டு மேஜையில அவளை எதிர்ல உக்கார வெச்சேன். முதல்ல பாராட்டணும், நடுவுல குறையைச் சொல்லணும், கடைசியில திரும்பப் பாராட்டணும்னு சொல்லியிருந்தாரு கோட்டுக்காரர். நானும் 'நேரத்துக்கு வர்றே, சந்தோஷம்'னு ஆரம்பிச்சேன். அவ சுத்தி முத்தும் பாத்தா, யாரைச் சொல்றேன்னு. அப்புறம் ஸ்கோரைக் காட்டினேன். ரிட்டென்ஷன், பூஜ்யம்.

'பாஸ் பண்ணவங்க எதுக்குங்க திரும்பி வரணும்?'னு ஒரே ஒரு கேள்வி கேட்டா.

'அதுதாம்மா பிரச்சினையே, பாஸ் பண்ணிடறாங்க'ன்னேன். தப்பா? நான் சொன்னதுல ஏதாவது தப்பு இருக்கா டாக்டரம்மா? ஒரு எம்.டி.யா எனக்குச் சொல்ல வேண்டிய கடமை இருக்கு. கொஞ்ச நாளைக்கு ஸ்டியரிங் பக்கம் போகாம ஆபீஸ்ல உக்காந்து ஃபோன் எடு, உன்னை இம்ப்ரூவ்மென்ட் திட்டத்துல போட்டிருக்கேன்னு பக்குவமாத்தான் சொன்னேன். கடைசியில பாராட்டணும்ல, 'புடவை நல்லாருக்கு'ன்னும் சொன்னேன். அவ சிரிச்சா. ரொம்ப நேரம் சிரிச்சா. சரி, ஏத்துக்கிட்டான்னு நினைச்சேன். காலையில எழுந்து பாத்தா அவளும் இல்ல, சாம்பல் வண்டியும் இல்ல. வண்டி அவ பேருல இருக்கு, நான் என்ன பண்ண முடியும்? மச்சானும் அக்கா பின்னாடியே கிளம்பிட்டான். ஃப்ளீட் ஹெட் பாதி ஃப்ளீட்டோட போயிட்டான்! இப்ப அவன் வீட்டுல தங்கிக்கிட்டு, அந்தப் பக்கம் எங்கயோ ஒரு தெருவுல சொந்தமா போர்டு மாட்டியிருக்காளாம். நான் போய்ப் பாக்கல. போட்டியாளரை வேவு பாக்கறது நமக்கு அழகில்ல. பக்கத்துல போறப்ப ரெண்டு மூணு தடவை எட்டிப் பாத்தேன், அவ்வளவுதான். பச்சை எழுத்துல போர்டு.

இப்ப நம்ம ரிட்டென்ஷன் என்ன தெரியுமா? நூத்துக்கு நூறு! நிஜமா. ஏன்னா மிச்சம் இருக்கறது நீங்க ஒருத்தர்தான். போன வருஷ மழைக்கு முன்னாடி சேந்தீங்க, இன்னும் விடாம வர்றீங்க பாருங்க, அதுக்குத்தான் உங்களுக்கு 'பிளாட்டினம் கஸ்டமர்'னு குடை கொடுத்தேன். சிறந்த ஊழியர் விருது இந்தத் தடவை எனக்கே கொடுத்துக்க வேண்டியதாப் போச்சு. நானே மேடை, நானே மாலை. ஃபோட்டோ எடுக்கக் கூட ஆளில்ல.

ஆளில்லதான், என்னத்தைச் சொல்ல... வீட்டுக்குப் போனா சுவரைப் பாத்துப் பேச வேண்டியிருக்கு. அவ இருந்தப்பவும் நான்தான் பேசுவேன், வெச்சுக்குங்க. ஆனா அடுப்பைப் பாத்துக்கிட்டே நடுநடுவுல 'ம்'னு ஒரு சத்தம் கொடுப்பா. பெருசா ஒண்ணுமில்ல, ஒரு 'ம்'. அது இருந்தா நான் நாள் பூரா ஓடுவேன். இப்ப நாலு வார்த்தை பேசிட்டு நிறுத்தினா, ஃப்ரிட்ஜ் ஓடற சத்தம்தான் கேக்குது. நீங்களும் 'ம்' சொல்ல மாட்டேங்கறீங்க. பரவால்ல, ஜனங்களை வாயைத் திறக்க வெச்சுட்டு நீங்க பேசாம இருந்தே பழகிட்டீங்க.

ஐயோ, முன்னாடி யாரு? போலீசா? நேராப் பாருங்க! நேரா! என்னைப் பாக்காதீங்க, நான் இங்க இல்லைன்னு நினைச்சுக்குங்க. சிக்னல் பச்சைதான்... போங்க, போங்க... நிறுத்தறாரா? வேற வண்டியை நிறுத்தறாரு. அப்பாடா! உசுரு போய் உசுரு வந்துச்சு.

பயம் உங்களுக்கில்ல, உங்க கிட்ட எல்.எல்.ஆர். அட்டை இருக்கு. எனக்குத்தான். யாரு கிட்டயும் சொல்லிடாதீங்க... என் லைசென்ஸ் காலாவதியாகிடுச்சு. போன மாசமே. டிரைவிங் ஸ்கூல் நடத்தறவன் லைசென்ஸ் இல்லாமத் திரியறேன்னு வெளியில தெரிஞ்சா மானம் கப்பலேறிடும். நான் என்ன பண்ண? புதுப்பிக்கறது, இன்ஷூரன்ஸ் கட்டறது எல்லாம் எப்பவும் அவதான் பாத்துக்குவா. சார்ட் போட்டப்ப அதை அவ கட்டத்துல இருந்து எடுத்து 'லீகல்'னு தனிக் கட்டமாப் போட்டேன். பெரிய நிறுவனங்கள்ல அப்படித்தான். அந்தக் கட்டத்துக்கு ஆள் போடறதுக்குள்ள அவ போயிட்டா. காலையில கூட இந்த வண்டியை எதிர்வீட்டுக்காரர்தான் வெளியில எடுத்து விட்டாரு. நான் கூடவே நடந்து வந்து ஏறிக்கிட்டேன்.

இந்தத் திருப்பம் இல்லையே, நேராப் போகணும்... நேரான்னு சொன்னேனே டாக்டரம்மா! சரி, திரும்பிட்டீங்க, இந்தப் பக்கமே போங்க, முன்னாடி போய் வளைஞ்சு வந்துடலாம். தெரு ரொம்பக் குறுகல், எதிர்ல ஆட்டோ வருது, நான் பிரேக்கை... அட, ஒதுங்கி விட்டுட்டீங்களே. எப்ப இவ்வளவு சுளுவா வந்துச்சு உங்களுக்கு? நான் இன்னும் ஒதுங்கறது பாடமே எடுக்கலையே. அதை மூணாம் கட்டத்துலதானே வெச்சிருக்கேன்.

என்ன, நிறுத்தறீங்க? ரெண்டு வண்டிக்கு நடுவுல ரிவர்ஸா? வேணாம், வேணாம், இடிச்சுடுவீங்க. கண்ணாடியை எதுக்கு இறக்கறீங்க? ஏசி ஓடுது... ஏன் தலையைச் சாய்க்கறீங்க? கழுத்துப் பிடிச்சுக்கிச்சா?

...

ஒரே மூச்சுல நுழைச்சு நிறுத்திட்டீங்க.

டாக்டரம்மா, இது நான் சொல்லிக் கொடுத்தது இல்ல. கண்ணாடியை இறக்கி, தலையைச் சாய்ச்சு, காது கொடுத்துக் கேட்டு... இது அவ பாடம். எத்தனை நாளா அங்க போறீங்க? நான் உங்களுக்குக் குடை கொடுத்தேனே!

என்ன அது? லைசென்ஸா? வாங்கியாச்சா? அப்ப இன்னிக்கு எதுக்கு என் கிளாசுக்கு வந்தீங்க? எங்க பாக்கச் சொல்றீங்க... எந்தப் போர்டு?

பச்சை எழுத்து.

இறங்காதீங்க டாக்டரம்மா! இருங்க! சாவியை எங்க எடுத்துட்டுப் போறீங்க? நான் எப்படித் திரும்பிப் போவேன், எனக்குத்தான் லைசென்ஸ் இல்லைன்னு... யாரு கிட்டயும் சொல்லாதீங்கன்னு சொன்னேனே, அவ வேற வாசலுக்கு வந்துட்டா, அவ கிட்ட என்ன காதுல சொல்றீங்க? ஏங்க! ஒரு நிமிஷம்! போயிட்டாங்க. இத்தனை மாசம் கூடவே வெச்சிருந்தும் ஒரு 'வர்றேன் மாஸ்டர்' இல்ல, கதவைச் சாத்திட்டுப் போயிட்டாங்க.

...வா. உக்காரு. நானா வரல, அந்தம்மாதான் கொண்டுவந்து விட்டாங்க. கழுத்துல அட்டை எதுவும் மாட்டல, பாரு. இளைச்சிருக்கேனா? நீ கேக்கல, நானாத்தான் சொல்றேன். ஹார்ன் இன்னும் அடிக்கல. கண்டம்னு எழுதினதைக் கழட்டி வெச்சுட்டேன். கழட்டல, ஆணி கழண்டு அதுவே விழுந்துச்சு, மறுபடி மாட்டலன்னு வெச்சுக்கயேன். இங்க பாரு, உன் பசங்க எல்லாம் மூணு வாரத்துலயே பாஸ் பண்ணட்டும், ரெண்டு வாரத்துலயே கூடப் பண்ணட்டும். எவனும் திரும்பி வர வேணாம். நீ வா. இருக்கறவங்களை வெச்சுக்கறது லேசுன்னாரு அந்தக் கோட்டுக்காரர். பொய்யி. அந்தாளுக்கு வீடு வாசல் எதுவும் இல்லைன்னு நினைக்கறேன்.

சாவி போட்டியா? எங்க, நம்ம வீட்டுக்கா? இல்ல, உன் தம்பி வீட்டுல கொண்டுபோய்ப் பஞ்சாயத்து வைக்கப் போறியா? சரி, கேக்கல. எங்க வேணாப் போ. ஏன் கிளம்பாம இருக்கே? என்ன கீழ பாக்கறே? என் காலையா? அது... பழக்கம் மா. பிரேக் மேல வெச்சாத்தான் எனக்கு நிம்மதி. அமுக்க மாட்டேன், சும்மா வெச்சிருக்கேன். மாட்டியா? எடுத்தாத்தான் கிளம்புவியா?

சரி. சரிங்கறேன்ல, முறைக்காதே. இந்தா, செருப்பைக் கழட்டிட்டேன். ஒரு கால்... அப்பா, முட்டி பிடிக்குது... ரெண்டாவது கால்... போதுமா? சம்மணம் போட்டாச்சு. இனிமே எட்டவே எட்டாது, திருப்திதானே?

மெதுவா! அந்த ஆட்டோ... இல்ல, இல்ல, நான் ஒண்ணும் சொல்லல.

என்னது? இப்ப 'ம்'னியா? சொன்னே, என் காதுல விழுந்துச்சு. கண்ணாடி இறக்கித்தான் இருக்கு, நல்லாவே விழுந்துச்சு. சரி, சரி, வாயை மூடிக்கறேன். நீ ஓட்டு... நான் ஜன்னல் பக்கம் பாத்துக்கறேன்.